ஐம்பதுக்கு மேல் கோல்ஃப் தொடங்கியவருக்குப் பந்தில் சுத்தமாக அடி விழுமா?

கேள்வி சுருக்கமாக இது: ஐம்பத்து நான்கு வயதில் கோல்ஃப் ஆரம்பித்து ஒன்றரை வருடம் ஆகிறது. ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) பத்துப் பந்து அடித்தால் இரண்டு மூன்றுதான் நினைத்தபடி எழும்புகிறது. மீதியில் பாதி நேரம் கிளப் (கோல்ஃப் மட்டை) பந்துக்குப் பின்னாலேயே தரையைக் குத்துகிறது, பாதி நேரம் பந்தின் மண்டையைத் தடவி அது தரையோடு ஓடுகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் 'தலையைத் தூக்காதே' என்கிறார்கள். வீடியோவில் காட்டுகிற மாதிரி உடம்பு திரும்பவும் மாட்டேன் என்கிறது. இந்த வயதில் இனி ஸ்ட்ரைக்கிங், அதாவது பந்தில் அடி விழுகிற விதம், திருந்துமா? எங்கிருந்து தொடங்குவது?

திருந்தும். தூரம் வேறு கதை. முப்பது வயதுக்காரரின் கிளப் வேகம் இனி வரப்போவதில்லை, அதற்காக ஏங்கிப் பயனில்லை. ஆனால் பந்தில் சுத்தமாகப் படுவதற்கு வேகமும் வேண்டாம், ரப்பர் மாதிரி வளைகிற உடம்பும் வேண்டாம். கால்வின் பீட் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்குச் சிறு வயதில் இடது முழங்கை உடைந்து, சரியாகக் கூடாமல் போனது. அந்தக் கையை அவரால் முழுக்க நீட்டவே முடியாது. 'இடது கை நேராக இருக்கட்டும்' என்பது எல்லாப் பயிற்சியாளர்களும் முதல் நாளே சொல்லும் பாடம். அந்தப் பாடத்தைப் பின்பற்றவே முடியாதவர், கோல்ஃப் கிளப்பைத் தொட்டதே 23 வயதில், பிஜிஏ டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் 12 போட்டிகளை வென்றார். டிரைவரால் (மிக அதிகத் தூரத்துக்கான கிளப்பால்) அடித்த பந்தை ஃபேர்வேயில் (வெட்டிச் சீராக்கிய புல்வழியில்) நிறுத்துவதில் 1981 முதல் 1990 வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்து அவர்தான் முதலிடம். லாரி நெல்சன் வியட்நாம் போரிலிருந்து திரும்பி 21 வயதில் தொடங்கியவர். 1981, 1983, 1987 ஆகிய ஆண்டுகளில் மேஜர் எனப்படும் மிகப் பெரிய போட்டிகளில் மூன்று பட்டங்கள் வாங்கினார். இருபதுகளில் தொடங்கியவர்களைக் காட்டி ஐம்பதுகளில் தொடங்குகிறவருக்கு ஆறுதல் சொல்வது கொஞ்சம் மோசடிதான். அதனால் நெல்சனை விட்டுவிடுங்கள். பீட்டின் முழங்கை மட்டும் நினைவில் இருக்கட்டும். ஸ்விங் பார்க்க எப்படி இருக்கிறது என்பதற்கும் பந்தில் எப்படிப் படுகிறது என்பதற்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் கிடையாது.

கிளப்பும் பந்தும் ஒட்டியிருக்கிற நேரம் ஒரு நொடியில் சுமார் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் நீங்கள் எதையும் திருத்த முடியாது. அந்தக் கணத்தில் கிளப்பின் முகம் எங்கே பார்க்கிறது, முகத்தின் எந்த இடத்தில் பந்து படுகிறது, ஸ்விங் வட்டத்தின் அடிப்புள்ளி தரையில் எங்கே வருகிறது, கிளப் எந்த வேகத்தில், எந்தப் பாதையில் வருகிறது, இவ்வளவுதான் பந்துக்குத் தெரியும். நீங்கள் தோளை எத்தனை டிகிரி திருப்பினீர்கள் என்று பந்துக்குத் தெரியாது. தாமதமாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்: முதலில் பேக்ஸ்விங்கை (கிளப்பைப் பின்னால் மேலே கொண்டுபோவதை) அழகாக்கி, பிறகு வேகத்தைக் கூட்டி, கடைசியில் அடி தானாகச் சரியாகும் என்று காத்திருக்கிறார்கள். அது தானாகச் சரியாவதில்லை.

முதலில் அடிப்புள்ளி. உங்கள் இரண்டு தவறுகளும், அதாவது தரையைக் குத்துவதும் மண்டையைத் தடவுவதும், ஒரே கோளாறின் இரண்டு முகங்கள். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது எங்கே தரைக்கு மிக அருகில் வரும் என்பதை மேலே கயிறு கட்டிய இடம் தீர்மானிக்கிறது. கோல்ஃபில் அந்தக் கயிறு கட்டிய இடம் உங்கள் நெஞ்சு. நெஞ்சு வலது காலின் மேல் தங்கிவிட்டால் வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. கிளப் அங்கே தரையைத் தொட்டால் மண்ணைக் குத்தி நிற்கும். தொடாமல் தப்பித்தால் மேலேறிக்கொண்டே வந்து பந்தின் நடுவிலோ தலையிலோ இடிக்கும். அன்றைக்கு எது நடக்கிறது என்பது அதிர்ஷ்டம். (வலது கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறேன், இடது கைக்காரர்கள் திசையை மாற்றிக்கொள்ளுங்கள்.)

அயர்னில் (தட்டையான உலோகத் தலை கொண்ட கிளப்பில்) நன்றாக அடிப்பவர்களுக்கு அடிப்புள்ளி பந்துக்கு நேர் கீழே இருப்பதில்லை. பந்தைத் தாண்டி, இலக்குப் பக்கமாகச் சுமார் நான்கு அங்குலம் தள்ளி இருக்கிறது. கிளப் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பந்தைத் தொடுகிறது, புல்லை அதன் பிறகுதான் தொடுகிறது. ஒரு நல்ல ஆட்டக்காரர் அடித்துவிட்டு நகர்ந்ததும் அந்த இடத்தைக் குனிந்து பாருங்கள். பந்து உட்கார்ந்திருந்த இடத்துப் புல் கசங்காமல் நிற்கும். அதை ஒட்டி இலக்குப் பக்கமாகத்தான் மண் கிளம்பியிருக்கும். தொடக்கத்தில் மெலிசாக, நடுவில் கொஞ்சம் ஆழமாக, மறுபடியும் மெலிந்து முடியும். உள்ளங்கை நீளம்தான் இருக்கும், ஆழம் அரை அங்குலம்கூட வராது. உங்கள் டிவட் (கிளப் பெயர்த்த மண் தடம்) பந்துக்குப் பின்னால் தொடங்கி, முன்புறம் குழி மாதிரி ஆழமாக இருந்தால் கோளாறு என்னவென்று அந்தக் குழியே சொல்லிவிடும். வீடியோ எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

நெஞ்சு ஏன் பின்னால் தங்குகிறது? பந்தைக் கிளப்ப வேண்டும் என்ற நினைப்பு. வளர்ந்த பிறகு விளையாட வருகிறவர்களிடம் இது குழந்தைகளைவிட அதிகம், ஏனென்றால் நாம் யோசித்து அடிக்கிறோம். பந்து தரையில் கிடக்கிறது, மேலே போக வேண்டும், அப்படியானால் கீழிருந்து தூக்கிவிட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் உடம்பு பின்னால் சாய்கிறது, மணிக்கட்டு முன்கூட்டியே திறந்து கிளப்பின் தலை கையைத் தாண்டி முன்னே ஓடுகிறது, இடது முழங்கை மடங்குகிறது. ஆனால் 7 அயர்னின் முகமே ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்து இருக்கிறது. எழுப்புகிற வேலையை அந்தச் சாய்வு பார்த்துக்கொள்ளும். நீங்கள் கூடுதலாகத் தூக்கப் போனால், அந்த உதவியே பந்தைத் தரையோடு ஓட வைக்கிறது.

இங்கே அளவுகள் எவ்வளவு சின்னவை என்பதையும் சொல்ல வேண்டும். விதிப்படி பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர். அதன் நடுக்கோடு தரையிலிருந்து 21 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிளப்பின் கீழ் விளிம்பு அதற்கு மேலே போனால் போதும், பந்து தரையோடு ஓடிவிடும். அதாவது ஸ்விங்கின் நடுவில் நீங்கள் ஓர் அங்குலம் நிமிர்ந்தாலே கதை முடிந்தது. 'தலையைத் தூக்கிவிட்டாய்' என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வது இதைப் பார்த்துத்தான். ஆனால் தலை நிமிர்வது விளைவு. நெஞ்சு பின்னால் தங்கி, இடுப்பு பந்தை நோக்கித் தள்ளி, உடம்பு நிமிர்ந்த பிறகு தலையும் கூடவே போகிறது.

'தலையைத் தூக்காதே' என்ற அறிவுரையை நான் தயங்காமல் தீங்கானது என்பேன், அதுவும் ஐம்பதைத் தாண்டியவருக்கு. தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் நெஞ்சு திரும்புவது நிற்கும். நெஞ்சு நின்றால் கைகள் மட்டும் வீசும், மணிக்கட்டு மறுபடியும் புரளும். போதாததற்குக் கழுத்தும் கீழ் முதுகும் வலிக்கத் தொடங்கும். அனிகா சோரன்ஸ்டாம் பந்தில் அடி விழுகிற நேரத்திலேயே தலையை இலக்குப் பக்கம் திருப்பிவிடுவார். பெண்கள் கோல்ஃபில் அவர் வாங்கிய மேஜர் பட்டங்கள் 10. டேவிட் டூவலும் அப்படித்தான், அவர் 2001-இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர். உங்கள் தலையும் நெஞ்சோடு சேர்ந்து திரும்பட்டும். மேலே எழாமல் திரும்பினால் போதும்.

திருத்தத்துக்கு எனக்குத் தெரிந்து ஒரு கோட்டைவிட நல்ல ஆசிரியர் இல்லை. புல்லில் சுண்ணாம்பாலோ பெயின்டாலோ கோடு போடலாம், பயிற்சி பங்கர் மணலில் கிளப்பாலேயே கீறலாம். இலக்குக்குக் குறுக்காக இரண்டு மூன்று அடி நீளத்துக்கு ஒரு கோடு. பந்து வேண்டாம். 9 அயர்ன் அல்லது பிட்ச்சிங் வெட்ஜை எடுத்து, கோடு கால்களுக்கு நடுவில் வருகிற மாதிரி நின்று, இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் வீசுங்கள். புல்லில் அல்லது மணலில் பதிகிற தடம் கோட்டிலோ கோட்டைத் தாண்டி இலக்குப் பக்கத்திலோ தொடங்க வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் கோட்டின் நீளத்தில் ஒரு சாண் நகருங்கள். ஒரு வரிசை முடிந்ததும் பின்னால் போய் நின்று பாருங்கள். முதல் நாள் தடங்கள் கோட்டுக்குப் பின்னால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும். அவை கோட்டை நெருங்கி, கோட்டைக் கடந்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழத் தொடங்கும்போது கோட்டின் மேல் பந்தை வையுங்கள். அதற்கு முன் வைக்க வேண்டாம். பந்து வந்ததும் பழைய ஆசை திரும்ப வரும். அப்போது மறுபடி பந்தில்லாமல் இரண்டு வீச்சு, பந்தோடு ஒரு வீச்சு என்று மாற்றி மாற்றிப் போகலாம்.

தடம் கோட்டைத் தாண்ட மறுத்தால் நிற்கிற விதத்திலேயே பாதி வேலையை முடித்துவிடலாம். தொடக்கத்திலேயே எடையில் பத்தில் ஆறு பங்கு இடது காலில் இருக்கட்டும். சட்டைப் பொத்தான் வரிசை பந்தைவிட ஒரு விரல் அளவு இலக்குப் பக்கம் இருக்கட்டும். பிடி கிளப் தலைக்குச் சற்று முன்னால், இடது தொடையின் உள்பக்கத்துக்கு நேராக இருக்கட்டும். பேக்ஸ்விங்கில் எடையை வலது காலுக்குக் கொண்டுபோய் மறுபடியும் இடது காலுக்குக் கொண்டுவருவது என்பது முழங்கால் நன்றாக இருக்கிறவர்களின் விளையாட்டு. வலதுபக்கம் போய்த் திரும்பி வர முடியாமல் அங்கேயே நின்றுவிடுகிறவர்கள் போகாமலே இருந்துவிடலாம். இதனால் கொஞ்சம் தூரம் குறையும். அடி சுத்தமாக விழுவதில் கிடைக்கிற தூரம் அந்த நஷ்டத்தை ஈடு கட்டி மிச்சமும் கொடுக்கும்.

எவ்வளவு மிச்சம் என்பதற்கு ஒரு கணக்கு. கிளப்பின் வேகத்தைப்போலப் பந்தின் வேகம் எத்தனை மடங்கு என்பதை ஸ்மாஷ் ஃபேக்டர் என்கிறார்கள். டிரைவரில் அதன் உச்சம் ஏறத்தாழ 1.5. மணிக்கு 80 மைல் வேகத்தில் கிளப்பை வீசி நடுமுகத்தில் 1.48 எடுத்தால் பந்து 118 மைல் வேகத்தில் கிளம்பும். அதே வீச்சில் ஓரத்தில் பட்டு 1.36 ஆனால் 109 மைல்தான். பந்து வேகத்தில் ஒரு மைலுக்குச் சுமார் இரண்டு கெஜம் என்பது எல்லோரும் வைத்திருக்கிற தோராயக் கணக்கு. ஆக, உடம்பைக் கொஞ்சம்கூட வருத்தாமல் பதினெட்டு கெஜம் அங்கே கிடக்கிறது. அதே பதினெட்டு கெஜத்தை வேகத்தால் எடுக்க வேண்டுமானால் கிளப் வேகத்தைச் சுமார் ஆறு மைல் கூட்ட வேண்டும். ஐம்பதுக்கு மேல் அது மாதக்கணக்கில் உடற்பயிற்சி கேட்கிற வேலை.

அதனால் இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது முகத்தில் எங்கே படுகிறது என்பது. அடித்த கையில் உணர்வதை நம்பாதீர்கள், முகத்தையே பாருங்கள். அயர்னுக்கு, பந்தில் அழியக்கூடிய மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, புள்ளி கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடித்தால் முகத்தில் மை ஒட்டிக்கொள்ளும். டிரைவர் முகத்தில் பாதத்துக்கு அடிக்கிற பவுடர் ஸ்ப்ரேயை மெல்லத் தெளித்தால் பந்தின் குழிகளோடு வட்டமாகத் தடம் விழும். ஒரு பந்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம். எட்டுப் பத்துப் பந்துக்குப் பிறகு தடங்கள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று பாருங்கள்.

தண்டுப் பக்கம், அதாவது குதிப் பக்கம் குவிந்தால் நீங்கள் ஸ்விங்கின்போது பந்தை நோக்கி நகர்கிறீர்கள். கால் விரல் நுனிக்கு எடை போய்விடுகிறது, அல்லது இடுப்பு முன்னே தள்ளுகிறது. அது இன்னும் ஓர் அங்குலம் போனால் தண்டு செருகிய கழுத்தில் பட்டு, பந்து சரேலென்று வலது பக்கம் பாயும். அந்த ஷாங்க் வந்துவிட்டால் மனசே விட்டுப்போகும். ஆனால் காரணம் எளிது, திருத்தமும் எளிது: பந்துக்கு வெளிப்புறம், கிளப் நுனியிலிருந்து ஒரு விரல் தள்ளி ஒரு டீயை (பந்தை நிறுத்தி வைக்கிற சின்ன ஆணியை) குத்திவைத்து, அதைத் தொடாமல் பந்தை அடியுங்கள். நுனிப் பக்கம் குவிந்தால் எதிர்க் கோளாறு. கைகள் உள்ளே இழுபடுகின்றன அல்லது நீங்கள் நிமிர்ந்து பின்வாங்குகிறீர்கள். பெரும்பாலும் பந்துக்கு அதிக தூரத்தில் நிற்பதும் சேர்ந்திருக்கும். டிரைவரில் இன்னொரு வேடிக்கை உண்டு. அதன் எடை முகத்துக்கு வெகு பின்னால் இருப்பதால், நுனியில் படும்போது தலை முறுக்கிக்கொண்டு பந்துக்கு எதிர்த்திசைச் சுழற்சியைக் கொடுக்கும். நுனியில் பட்ட பந்து இடப்பக்கமும் குதியில் பட்டது வலப்பக்கமும் வளைவது அதனால்தான். எங்கே பட்டது என்று பார்க்காமல் வளைவை மட்டும் பார்த்து ஸ்விங்கை மாற்றுகிறவர்கள் இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடுகிறார்கள்.

திசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஒரு பழைய பாடத்தை மட்டும் மறக்க வேண்டும். கிளப் போகிற பாதையில்தான் பந்து கிளம்பும் என்று வெகுகாலம் சொல்லிக்கொடுத்தார்கள். ராடார் கருவிகள் வந்த பிறகு அது தவறு என்று தெரிந்தது. பந்து கிளம்புகிற திசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு, டிரைவரில் அதைவிட அதிகம், முகம் பார்க்கிற பக்கத்தால் முடிவாகிறது. முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வித்தியாசம் வளைவைத் தருகிறது. வலது பக்கம் வளைந்து வளைந்து போகிற ஸ்லைஸ் உங்களுக்கும் இருந்தால் முதலில் பிடியைப் பாருங்கள். கிளப் இடது உள்ளங்கையின் நடுவில் கிடந்தால் முகம் மூடாது. விரல்களின் அடியில் கிடத்தி, மேலிருந்து பார்த்தால் இடது கையின் இரண்டு அல்லது மூன்று முட்டிகள் தெரிகிற அளவுக்குத் திருப்பிப் பிடியுங்கள். முதல் வாரம் அசௌகரியமாகத்தான் இருக்கும். விரல் மூட்டில் வலி இருந்தால் சுண்டு விரலைக் கோத்துப் பிடிக்கிற கட்டாயம் எதுவுமில்லை. பத்து விரலும் கிளப்பில் படப் பிடிக்கலாம், கொஞ்சம் தடித்த பிடியுறை போட்டுக்கொள்ளலாம்.

இனி உடம்பு. 'திரும்ப மாட்டேன் என்கிறது' என்றால் எங்கே திரும்பவில்லை என்று கேட்க வேண்டும். கீழ் முதுகின் ஐந்து எலும்புகளும் சேர்ந்து திரும்புவதே மொத்தம் பத்துப் பதினைந்து டிகிரி அளவில்தான். அது யாருக்கும் அப்படித்தான், இளைஞருக்கும். திருப்பம் வர வேண்டிய இடங்கள் இடுப்பு மூட்டும் மேல் முதுகும். நாற்காலி வேலையில் முதலில் இறுகிப்போவது இந்த இரண்டும்தான். அவை திரும்பாதபோது கீழ் முதுகிடம் வேலை போகிறது, அது தன்னால் முடியாததைச் செய்யப்போய்ப் பிடித்துக்கொள்கிறது. கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு மிக அதிகமாக வருகிற வலி கீழ் முதுகு வலி என்பதில் ஆச்சரியமில்லை.

இதற்கு யோகாசனம் கற்று முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வலது பாதத்தை வெளிப்புறமாக இருபது முப்பது டிகிரி திருப்பி வைத்தாலே வலது இடுப்பு கூடுதலாகத் திரும்பும். இடது பாதத்தையும் அப்படியே வைத்தால் அடித்து முடிக்கும்போது முழங்காலில் முறுக்கு குறையும். பேக்ஸ்விங்கில் இடது குதிகால் தரையிலிருந்து கிளம்பினால் கிளம்பட்டும். இன்றைய டூர் ஆட்டக்காரர்கள் பலர் பாதத்தைத் தரையோடு வைத்துக்கொள்வதைப் பார்த்து அதைத் தவறு என்பார்கள். ஜாக் நிக்லஸ் அந்தக் குதிகாலைத் தூக்கித்தான் 18 மேஜர் பட்டங்கள் வாங்கினார். இவ்வளவுக்குப் பிறகும் கிளப் தோள் உயரத்துக்கு மேல் போகவில்லையா? அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் போகிற ஒவ்வோர் அங்குலமும் இடது முழங்கை மடங்கியோ உடம்பு இலக்குப் பக்கம் சாய்ந்தோ வருவதாக இருந்தால், அது பேக்ஸ்விங் மாதிரி தெரிகிறதே தவிர வேகத்துக்கு உதவாது.

கையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ரேஞ்சில் மேட் (செயற்கைப் புல் விரிப்பு) மேல் அடிக்கிறவர்கள் தங்கள் கோளாறை அறியவே மாட்டார்கள், ஏனென்றால் பந்துக்குப் பின்னால் தரையில் பட்ட கிளப் ரப்பரில் வழுக்கி, எகிறி, பந்தையும் அடித்துவிடும். பந்து பறக்கும், நீங்கள் மகிழ்வீர்கள், அதே அடி புல்லில் இரண்டடி மண்ணைத் தூக்கி எறியும். கூடவே அந்த எகிறலின் அதிர்ச்சி முழங்கைக்குப் போகிறது. இடது முழங்கையின் வெளிப்பக்கமும் வலது முழங்கையின் உள்பக்கமும் நோகத் தொடங்கினால் பந்து எண்ணிக்கையைக் குறைத்துப் புல்லுக்கு மாறுங்கள். தசைநார் வலி ஐம்பதுக்கு மேல் வந்தால் மாதக்கணக்கில் போகாது. மேட்டைத் தவிர வேறு வழியில்லை என்றால், ஒரு சின்னத் துண்டை மடித்துப் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள். துண்டு நகர்ந்தால் அந்த அடி கணக்கில் சேராது, பந்து எவ்வளவு அழகாகப் பறந்திருந்தாலும் சரி.

பயிற்சி எப்படி என்று கேட்டால், பெரிய கூடைப் பந்தை வாங்கி ஒரே கிளப்பில் வேகவேகமாக அடித்துத் தீர்ப்பது வியர்வைக்கு நல்லது, கற்பதற்கு நல்லதல்ல. அதே கிளப், அதே இலக்கு என்று திரும்பத் திரும்ப அடித்தால் அங்கேயே முன்னேறியது போலத் தோன்றும், அடுத்த வாரம் மைதானத்தில் காணாமல் போகும். கிளப்பையும் இலக்கையும் மாற்றி மாற்றி அடிப்பது அன்றைக்கு மோசமாகத் தெரிந்தாலும் அதிகம் தங்கும். இயக்கக் கற்றல் ஆய்வுகளில் வெகு நாளாகத் தெரிந்த விஷயம் இது. இன்னொன்று, கவனம் எங்கே இருக்கிறது என்பது. கேப்ரியேல் வுல்ஃபும் சக ஆய்வாளர்களும் 1999-இல் கோல்ஃப் பிட்ச் ஷாட் (உயர எழும் குறுந்தூர அடி) கற்கிற புதியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தங்கள் கைகளைக் கவனித்தவர்களைவிடக் கிளப்பின் அசைவைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். எனவே முழங்கையை, மணிக்கட்டை, இடுப்பை எல்லாம் மனத்தில் சுமந்துகொண்டு பந்தின் முன் நிற்காதீர்கள். 'பந்துக்கு அந்தப் பக்கத்துப் புல்லைத் தேய்' என்ற ஒரே கட்டளை போதும். அது கிளப்புக்கும் தரைக்கும் உள்ள விவகாரம், உடம்பு தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அரை வீச்சில் தடம் நிலையாகும் வரை முழு வீச்சுக்குப் போக வேண்டாம். போகும்போதும் தாளத்தை மாற்றாதீர்கள். டூர் ஆட்டக்காரர்களில் வேகமாக வீசுகிறவர், மெதுவாக வீசுகிறவர் இருவரிடமும் கிளப் மேலே போகிற நேரம் கீழே வருகிற நேரத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நமக்குப் பதற்றம் வந்தால் அந்த விகிதம்தான் முதலில் உடைகிறது: மேலே போய்ச் சேர்வதற்குள் கீழே இழுக்கிறோம்.

கிளப்புகள் பற்றி. இளம் வயது நண்பர் கொடுத்த பழைய கனத்த ஸ்டீல் தண்டு கிளப்புகளை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். இலேசான கிராஃபைட் தண்டு, உங்கள் வேகத்துக்கு ஏற்ற நெகிழ்வு, 4, 5 அயர்ன்களுக்குப் பதில் ஹைப்ரிட் (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்), 3 வுட்டுக்கு (பருத்த தலை கொண்ட தூர கிளப்) பதில் 5 அல்லது 7 வுட். ஆட்ட விதி 14 கிளப்புகள் வரை அனுமதிக்கிறது, 14-ஐயும் நிரப்பச் சொல்லவில்லை. ஒன்பது பத்து போதும். லை கோணத்தை (தண்டு தலையோடு சேர்கிற கோணத்தை) மட்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நுனி தூக்கிக்கொண்டோ குதி தூக்கிக்கொண்டோ தரையில் படுகிற கிளப்பில் எவ்வளவு நன்றாக அடித்தாலும் பந்து கோணலாகத்தான் போகும்.

டிரைவரை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். அடிப்புள்ளியைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் தரையில் கிடக்கும் பந்துக்கு. டிரைவரில் பந்து டீ மேல் நிற்கிறது, அங்கே அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் இருப்பதுதான் வேண்டும். கிளப் மேலேறத் தொடங்கும்போது பட்டால் மெதுவான வீச்சுக்கும் பந்து உயரமாக, குறைந்த சுழற்சியோடு போகும். எனவே பந்து இடது குதிகாலுக்கு நேராக, டீ உயரமாக, பாதிப் பந்து கிளப்பின் மேல் விளிம்புக்கு மேலே தெரியும்படி. வலது தோள் சற்றுத் தாழ்ந்து நில்லுங்கள். லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 12 டிகிரி வைத்த டிரைவருக்கு வெட்கப்பட வேண்டாம். ஒரு வேடிக்கை என்னவென்றால், அயர்னில் பின்னால் தங்கிவிடுகிறவர்களுக்கு டிரைவர் ஓரளவு நன்றாக வரும், 'டிரைவர் வருகிறது, அயர்ன் வரவில்லை' என்று குழம்புவார்கள். அயர்ன் திருந்துகிற மாதங்களில் டிரைவர் கொஞ்சம் கெடும். அதைப் பார்த்துப் பயந்து பழைய இடத்துக்குத் திரும்பிவிடாதீர்கள்.

மைதானத்தில் முன் டீயிலிருந்து, அதாவது குழிக்கு அருகில் உள்ள தொடக்க இடத்திலிருந்து, ஆடுங்கள். ஆட்டத் திறனை எண்ணால் குறிக்கிற (எண் கூடினால் திறன் குறைவு) உலக ஹேண்டிகேப் முறையில் 54.0 வரை இடம் இருக்கிறது, புதியவர்களையும் சேர்த்துத்தான் அதை வகுத்திருக்கிறார்கள். பின் டீயில் நின்றால் ஒவ்வோர் ஓட்டையிலும் பச்சையை (குழி இருக்கிற புல்தளத்தை) எட்ட முழு பலத்தையும் போட வேண்டியிருக்கும், ரேஞ்சில் கற்றதெல்லாம் இரண்டாம் ஓட்டையிலேயே போய்விடும்.

பயிற்சியாளரிடம் போவதாக இருந்தால், முதல் வகுப்பிலேயே முழங்கால், இடுப்பு, முதுகு, பழைய அறுவைச் சிகிச்சை எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர் புல்லில் அடிக்கச் சொல்கிறாரா, உங்கள் டிவட்டைக் குனிந்து பார்க்கிறாரா, முகத்தில் எங்கே பட்டது என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள். ஒரு டூர் ஆட்டக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் படத்தை நிறுத்தி, பேக்ஸ்விங்கின் உச்சியில் கோடு கோடாகப் போட்டுக் காட்டுவதோடு வகுப்பு முடிந்தால், காசைக் கொடுத்துவிட்டு வேறு ஆளைத் தேடுங்கள்.